தனித்தனித் தராசு, ஒரே கடன்: அமெரிக்க வாடகை வீடுகளில் அறைத்தோழர்கள்

1

வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற நண்பர்களிடம் வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் அதிகமில்லை. எத்தனை பேர், ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும், யாருக்கு எவ்வளவு சம்பளம். அவ்வளவுதான். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் நியாயமான கேள்விகள். வீட்டைக் கொடுக்கிறவனுக்கு வாடகை வருமா வராதா என்கிற கவலை இருக்காதா என்பார்கள். இருக்கும். ஆனால் இந்தக் கேள்விகள் எப்போது, யாரை வெளியே நிறுத்துவதற்காகப் பிறந்தன, ஒன்றைக் கேட்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது அதன் வேலையை எது எடுத்துக்கொண்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அந்த வரலாறு சட்டங்களாகவும் தீர்ப்புகளாகவும் பதிவாகிக் கிடக்கிறது. எனவே அங்கிருந்தே அதைப் படிக்கலாம்.

ஒரு கணக்கோடு தொடங்குவோம். நியூயார்க் நகரத்து வீட்டுக்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. குடிவருகிறவரின் ஆண்டு வருமானம் மாத வாடகையைப்போல் 40 மடங்கு இருக்க வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதல்ல. எழுதப்படாததாலேயே கெட்டியானது. மாத வாடகை 3000 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வருமானம் 1,20,000 டாலர் வேண்டும். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை, 70,000 வாங்குகிறார். இன்னொருவர் உணவகத்தில் 40,000. மூன்றாமவர் படித்துக்கொண்டே பகுதிநேரமாக வேலை பார்த்து 15,000 ஈட்டுகிறார். கூட்டினால் 1,25,000. தேறிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்காரர் தலைக்கு ஆயிரம் டாலர் வாடகை என்று பிரித்து, ஆளுக்கு 40,000 இருக்கிறதா என்று பார்த்தால் மூன்றாமவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

எந்தக் கணக்கைப் போடுவது? வந்தவர்கள் கணவன், மனைவி, வளர்ந்த மகன் என்றால் யோசனையே இல்லை, மூன்று சம்பளத்தையும் கூட்டிவிடுவார். நண்பர்கள் என்றால் 'ஒவ்வொருத்தரும் தனித்தனியாத் தேறணும்' என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. சரி, தனித்தனி மனிதர்கள், தனித்தனிக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கடனும் தனித்தனியாகத்தானே இருக்க வேண்டும்? அங்கேதான் விஷயம் புரள்கிறது. அவர்கள் கையெழுத்துப் போடும் வாடகை ஒப்பந்தத்தில் 'சேர்ந்தும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்று ஒரு வாசகம் இருக்கும். ஆங்கிலப் பொதுச்சட்ட மரபிலிருந்து வந்த வாசகம். மூன்றாமவர் ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் வீட்டுக்காரர் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. மூவாயிரத்தையும் ஆசிரியையிடமே கேட்கலாம். மூன்று பேரில் யார் கையில் காசு இருக்கிறதோ அவர் மீது மொத்தக் கடனும் இறங்கும்.

ஆக, உள்ளே விடும்போது மூன்று தனி ஆட்கள். வசூலிக்கும்போது மூன்று பேரும் ஒரே ஆள். இரண்டு தர்க்கங்களில் எது எப்போது லாபமோ அது அப்போது பேசும். இந்தச் சூட்சுமம் எப்படி உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

2

ரத்த உறவில்லாதவர்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்வது ஏதோ இன்றைய நகர இளைஞர்களின் நாகரிகம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நகரங்களில் அது மிகச் சாதாரணமான வாழ்க்கை. சாப்பாட்டோடு அறை கொடுக்கும் வீடுகள், அறை மட்டும் கொடுக்கும் வீடுகள், நெருக்கடியான குடியிருப்புகளில் ஒண்டிக்கொள்ளும் ஆட்கள் என்று பல வடிவங்கள். நம்ம ஊர் 'ஒண்டுக் குடித்தனம்' என்ற சொல்லில் இருக்கிற இளக்காரமும் இயலாமையும் அங்கேயும் இருந்தன. குடும்பம் என்பதே அப்போது மூடிய அலகாக இல்லை. புலம்பெயர்ந்து வந்த உழைக்கும் வீடுகளில் வாடகை கொடுக்க முடியாமல் குடும்பமே ஒரு ஆளையோ இரண்டு ஆட்களையோ உள்ளே சேர்த்துக்கொண்டது. அவர்களுக்குச் சமைத்துப்போட்டு, துணி துவைத்து, அந்தக் காசை வாடகையில் சேர்த்தவள் வீட்டுப் பெண். புள்ளிவிவரங்களில் அவள் பெரும்பாலும் வேலையில்லாதவள்.

1890இல் ஜேக்கப் ரீஸ் தன் புகழ்பெற்ற நூலில் நியூயார்க் சேரிகளின் படங்களை வெளியிட்டபோது, ஓர் இரவுக்குச் சில காசுகள் கொடுத்து ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்திருந்தவர்களை நடுத்தர வர்க்கம் முதன்முறையாகக் கண்டது. கண்டு அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து நல்ல காரியங்களும் நடந்தன. வெளிச்சம், காற்று, கழிப்பிடம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கிய 1901ஆம் ஆண்டின் நியூயார்க் குடியிருப்புச் சட்டம் அவற்றில் ஒன்று. ஆனால் சீர்திருத்தவாதிகளின் சொல்லாடலில் ஒரு தலைகீழ் மாற்றமும் நடந்தது. வாடகை அதிகமாக இருந்ததால் ஒண்டி வாழ்ந்தார்கள் என்பது போய், ஒண்டி வாழ்வதால் ஒழுக்கம் கெடுகிறது என்றாயிற்று. குடும்பத்துக்குள் இருக்கும் அந்நியன் ஒரு 'தீமை' ஆனான். பிரச்சினை வாடகையிலிருந்து உடல்களுக்கு நகர்த்தப்பட்டது.

1920களின் ஹார்லெமை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்களுக்கு நகரத்தின் மற்ற பகுதிகளில் வீடு கிடைக்காது. கிடைத்த ஹார்லெமில் வாடகை கூடுதல். எனவே அறைக்கு ஆள் சேர்த்தார்கள். அதுவும் போதாதபோது சனிக்கிழமை இரவுகளில் பியானோ வாசிக்க ஆள் வைத்து, நுழைவுக் கட்டணம் வாங்கி, 'வாடகை விருந்து' நடத்தினார்கள். அந்த விருந்துகளில் வளர்ந்த இசையை இன்று உலகம் கொண்டாடுகிறது. அதன் அடியில் கிடந்த வாடகைச் சீட்டு மறந்துபோயிற்று. வெவ்வேறு வருமானம் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு வாடகையைத் தூக்கிச் சுமப்பது ஏழைகள் கண்டுபிடித்த வழி. அந்த வழியின் வாசலில்தான் பிற்பாடு தராசு வைக்கப்பட்டது.

3

அந்தத் தராசு எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் அது பணத்தை நிறுக்கவில்லை, நடத்தையை நிறுத்தது. வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்கான விடுதிகளில் நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். மதம், நிறம், பிறந்த நாடு பார்த்து வீடு விடுவது கூச்சப்பட வேண்டிய விஷயமாகவே இல்லை. விளம்பரத்திலேயே போட்டார்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரலாறு ஓடுகிறது. 1841இல் லூயிஸ் டாப்பன் என்பவர் நியூயார்க்கில் வணிகர்களின் நம்பகத்தன்மையை விசாரித்துச் சொல்லும் முகமை ஒன்றைத் தொடங்கினார். அவர் அடிமை ஒழிப்பு இயக்கத்தவர் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. ஊருக்கு ஊர் ஆள் வைத்து, இன்னார் குடிப்பாரா, சொன்ன சொல் தவறாதவரா என்று எழுதி வாங்கினார்கள். 1899இல் அட்லாண்டாவில் தொடங்கிய ஒரு கடன் விவர நிறுவனம் இதைச் சாதாரண மனிதர்களிடமும் கொண்டுவந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஒருவர் யாரோடு வாழ்கிறார், குடும்பம் எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்று கோப்பு சேர்த்தது. இந்தக் கோப்புகள் பற்றிய எதிர்ப்பு வலுத்துத்தான் 1970இல் நியாயமான கடன் விவர அறிக்கைச் சட்டம் வந்தது. தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை அப்போதுதான் மனிதருக்குக் கிடைத்தது. அந்த நிறுவனம் 1975இல் பெயரை மாற்றிக்கொண்டது. இன்று ஈக்விஃபேக்ஸ் என்ற பெயரில் நாம் அறிவது அதுதான்.

தேர்வு என்கிற உத்தி ஒவ்வொரு மனிதரையும் ஒரு தனிக் கோப்பாக, ஒரு 'கேஸாக' ஆக்குகிறது என்று ஃபூக்கோ சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். கடன் கோப்பின் தலைப்பில் ஒரு பெயருக்குத்தான் இடம். நீங்கள் யாருடைய மருத்துவச் செலவை ஏற்றீர்கள், வேலை போன மாதத்தில் எந்த நண்பன் உங்கள் பங்கையும் சேர்த்துக் கட்டினான் என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது. ஏழைகள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிப்பதால்தான் வாடகை மாதாமாதம் போய்ச் சேர்கிறது. வீட்டுக்காரரின் நம்பிக்கைக்கு ஆதாரமாக இருக்க வேண்டிய அந்தத் தாங்கல் கோப்பில் விழாது. தனி ஆளின் தாமதம் மட்டும் விழும்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுக்கக்கூடாது. 1974இல் பால் வேறுபாடும், 1988இல் உடற்குறையும் குழந்தைகள் இருப்பதும் பட்டியலில் சேர்ந்தன. பெரிய போராட்டங்களின் விளைவு இது, குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் பட்டியலில் இல்லாதவற்றையும் படிக்க வேண்டும். திருமணமானவரா இல்லையா என்பது அந்தக் கூட்டரசுச் சட்டத்தில் இல்லை. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் இல்லை. வருமானம் எவ்வளவு என்பது இல்லவே இல்லை.

கேட்கக்கூடாத கேள்விகள் பெருகப் பெருக, கேட்கலாம் என்று மிஞ்சிய ஒரே கேள்வியின் கனம் கூடிற்று. எண்ணுக்கு நிறமில்லை. 'நான் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான் வச்சிருக்கேன் சார்' என்று வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். சொல்லப்போனால் வழக்கறிஞர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்: ஒரே அளவுகோலை எழுதி வை, எல்லோரிடமும் அதையே நீட்டு, வழக்கு வந்தால் அது உன்னைக் காக்கும். நூறாண்டுக்குமேல் வேலையும் வீடும் கடனும் மறுக்கப்பட்டவர்களின் கையில் அந்த எண் குறைவாகத்தான் இருக்கும் என்பது அளவுகோலுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

1991இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே அங்கீகரித்தது. வாடகையைப்போல் மூன்று மடங்கு வருமானம் வேண்டும் என்ற விதியால் திருப்பி அனுப்பப்பட்ட, அரசு உதவித்தொகையில் வாழ்ந்த பெண்கள் தொடுத்த வழக்கு அது. எங்களால் வாடகை கொடுக்க முடியும், இதுவரை கொடுத்தும் வந்திருக்கிறோம் என்பது அவர்கள் வாதம். மாநிலத்தின் குடியுரிமைச் சட்டம் வருமானத்தால் வரும் வேறுபாட்டைத் தடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்த வாடகையைவிடக் காட்டிய எண் பெரிதாகிவிட்டது.

இந்த எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு வாரக் கூலி ஒரு மாத வாடகைக்கு என்ற பேச்சு அமெரிக்காவில் பழையது. 1969இல் மாசசூசெட்ஸின் கறுப்பின செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம் அந்தக் கால்பங்கைச் சட்டமாக்கியது. பொதுக் குடியிருப்பில் வாழும் ஏழையின் வருமானத்தில் 25 விழுக்காட்டுக்குமேல் வாடகை வாங்கக்கூடாது. 1981இல், ரேகன் ஆட்சியில், அது 30 விழுக்காடானது. இப்போது 40 மடங்கு வழக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் வருவது அதே 30 விழுக்காடு. 'ஏழையிடம் இதற்குமேல் வாங்காதே' என்று அரசுக்கு விதிக்கப்பட்ட வரம்பும், 'இதற்குக் குறைவாகச் சம்பாதிக்கிறவனை உள்ளே விடாதே' என்று தனியார் சந்தை போட்ட தாழ்ப்பாளும் ஒரே விகிதம்தான்.

4

தராசு ஒருபுறம் இருக்க, எத்தனை பேரைச் சேர்த்து நிறுப்பது என்கிற கேள்வி வேறு. இங்கே குடும்பம் என்கிற கருத்துருவம் உள்ளே வருகிறது.

நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் பெல் டெர் என்று ஒரு கிராமம். சுமார் 220 வீடுகள், 700 பேர். ரத்தத்தாலோ தத்தாலோ திருமணத்தாலோ உறவானவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரு வீட்டில் இருக்கலாம், உறவில்லாதவர்கள் என்றால் இரண்டு பேருக்குமேல் கூடாது என்று அந்த ஊரின் விதி. பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஆறு பேர் ஒரு வீட்டை எடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1974இல் ஊரின் பக்கம் தீர்ப்பாயிற்று. எழுதியவர் முற்போக்காளர் என்று பெயரெடுத்த நீதிபதி டக்ளஸ். அமைதியான தெருக்களும் குடும்ப விழுமியங்களும் காக்கப்பட வேண்டியவை என்றார். மாறுபட்டு எழுதிய தர்குட் மார்ஷல், யாரோடு வாழ்வது என்பதே ஒரு மனிதரின் அடிப்படையான தேர்வு என்றார். நெரிசல்தான் கவலை என்றால் பத்துப் பேர் கொண்ட குடும்பத்தை ஏன் விட்டுவைக்கிறீர்கள் என்பது அவர் கேள்வியின் சாரம். அதற்கு இன்றுவரை நேரான பதில் இல்லை.

மூன்றாண்டு கழித்து, 1977இல், ஓஹையோ மாநிலத்தின் ஈஸ்ட் கிளீவ்லாந்தில் ஒரு கறுப்பினப் பாட்டியின் வழக்கு. மகனோடும் இரண்டு பேரன்களோடும் வாழ்ந்தார். அந்தப் பேரன்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர், வேறு வேறு பிள்ளைகளின் மகன்கள். ஊர் விதியின்படி அது குடும்பமல்ல என்று 5 நாள் சிறையும் 25 டாலர் அபராதமும் விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் இம்முறை பாட்டியைக் காத்தது. கூட்டுக் குடும்பமும் இந்நாட்டின் மரபுதான் என்றது. நல்லது. ஆனால் இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது? ரத்தம் இருந்தால் அரசியலமைப்பு துணைக்கு வரும். நட்பு மட்டும் இருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தின் தயவில் நிற்க வேண்டும்.

இதே காலத்தில் தனி ஆட்களுக்கான மலிவான இடங்களும் அழிக்கப்பட்டன. நியூயார்க் நகரம் 1955இல் புதிய ஒற்றையறை விடுதிகள் கட்டுவதைத் தடுத்தது. 1970களில் இருந்த விடுதிகளை உயர்தரக் குடியிருப்புகளாக மாற்றுகிறவர்களுக்கு வரிச்சலுகையே கொடுத்தது. தனியாகவும் வாழ முடியாது, கூடி வாழவும் விதி இடம் தராது. ஏழை ஒண்டிக்கட்டையின் கதி இதுதான்.

இந்த இடுக்கில்தான் 1983 வருகிறது. திருமணம் செய்துகொள்ளாமல் ஒரு ஆணோடு வாழ்ந்த பெண்ணை வீட்டுக்காரர் வெளியேற்றலாம், ஒப்பந்தத்தில் 'நெருங்கிய குடும்பத்தார்' என்று எழுதியிருக்கிறது என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், தனியாகக் கையெழுத்திட்ட குடியிருப்பவர் தன் நெருங்கிய குடும்பத்தாரோடு இன்னும் ஒருவரையும் அவரைச் சார்ந்த குழந்தைகளையும் வைத்துக்கொள்ளலாம். 'அறைத்தோழர் சட்டம்' என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது. வாடகை ஒப்பந்தத்தின் வேலிக்குள் நட்புக்கு ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தது.

பிறகு எய்ட்ஸ். 1975 முதல் ஒரே வீட்டில் இணையாக வாழ்ந்த இரண்டு ஆண்களில், பெயரில் ஒப்பந்தம் வைத்திருந்தவர் 1986இல் இறந்துபோனார். மற்றவரை, மிகேல் பிராஸ்கியை, வெளியேறச் சொன்னார்கள். வாடகைக் கட்டுப்பாட்டு விதிப்படி இறந்தவரின் குடும்பத்தாரை வெளியேற்ற முடியாது. அவர் குடும்பமா? 1989இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆமாம் என்றது. மகத்தான தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் எதை வைத்து ஆமாம் என்றது என்று பாருங்கள். எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள், ஊரார் எப்படி மதித்தார்கள் என்பவற்றோடு கூட்டு வங்கிக் கணக்கு, கடன் அட்டை, பாதுகாப்புப் பெட்டகம், காப்பீட்டில் வாரிசாகப் பெயர். பணப்பை ஒன்றானதால் இவர்கள் குடும்பம். ஒரே உலையில் கொதிக்கிற சோறுதான் குடும்பம் என்கிற நம்ம பழைய எண்ணத்தின் வங்கிக் கிளை வடிவம் இது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஒரு குடித்தனத்தின் அடையாளம் பொதுச் சமையல்தானே.

அப்படியானால் பணப்பை ஒன்றாகாதவர்கள்? பால் காசையும் மின்சாரக் காசையும் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒருத்தர் அதிகமும் ஒருத்தர் குறைவும் கொடுத்து, பத்தாண்டு சேர்ந்து வாழும் மூன்று தோழிகள்? சட்டம் காதலைக்கூட அடையாளம் கண்டுகொண்டது. வசதி வேறுபட்ட நட்பை அடையாளம் காண அதற்குக் கண் இல்லை.

கண்ணைத் திறந்த ஒரு வாசகமாவது உண்டு. சேர்ந்து வாழ்கிறவர்களின், வாழ விரும்புகிறவர்களின் வருமானத்தை, மணமானவர்களின் வருமானத்தைக் கூட்டிப் பார்ப்பது போலவே கூட்டிப் பார்க்காத அளவுகோல் சட்டவிரோதம் என்று கலிஃபோர்னியா தன் சட்டத்தில் பிற்பாடு எழுதிச் சேர்த்தது. முதலில் சொன்ன நம் மூன்று நண்பர்களும் அங்கே வீடு கேட்டிருந்தால் கூட்டித்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு எளிய வாசகம்! ஆனாலும் அது கூட்டுவதைத்தான் கட்டாயமாக்குகிறது. மூன்று மடங்கு என்கிற தடியை அது பிடுங்கவில்லை.

5

வீட்டுக்காரர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். மாடியை வாடகைக்கு விட்டு வங்கித் தவணை கட்டுகிற விதவையும் வீட்டுக்காரர்தான். ஆயிரக்கணக்கான வீடுகளை வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனமும் வீட்டுக்காரர்தான். பயம் முன்னவருடையது. கருவி பின்னவருடையது. விதவையின் பயத்தைக் காட்டித்தான் நிறுவனத்தின் கருவி நியாயப்படுத்தப்படுகிறது.

அந்தக் கருவி இன்று என்ன செய்கிறது? வருமானம் போதாதவரிடம் உத்தரவாதி கேட்கிறது. நியூயார்க்கில் உத்தரவாதியின் வருமானம் வாடகையைப்போல் 80 மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். நண்பர்களில் யாருக்கு வசதியான அப்பா இருக்கிறார் என்பதுதான் இதன் அர்த்தம். வீட்டை விட்டு, ஊரை விட்டு, அப்பாவை விட்டு ஓடிவந்தவருக்கு அப்பாவிடமே போய்க் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறது. குடும்பத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கையைத் தேடி வந்தவர்களைக் குடும்பம் இந்தக் கொல்லைப்புற வாசல் வழியாகத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது.

உத்தரவாதி கிடைக்காத மூன்றாமவர் என்ன செய்வார்? அவரும் உள்ளே வருவார். ஆனால் ஒப்பந்தத்தில் பெயரில்லாமல் வருவார். தன் பங்கை ஆசிரியையிடம் கொடுப்பார். அப்போது ஆசிரியைதான் அவருக்கு வீட்டுக்காரர். சண்டை வந்தால், ஆசிரியைக்கு ஒரு துணை கிடைத்தால், அவர் போக வேண்டியதுதான். வீட்டுக்காரரின் அதிகாரம் இப்படி நண்பர்களுக்குள்ளேயே இறங்கி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2012இல் ஒரு கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டுக்குள் யாரை அறைத்தோழராகச் சேர்ப்பது என்பதில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் தலையிடாது, அது அந்தரங்கம் என்றது. அந்தரங்கத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் மேலேயிருந்து அதிகாரத்தை இறக்கிவிட்ட பிறகு அதை அந்தரங்கம் என்று பெயரிட்டால் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

ஆளுக்கொரு கோப்பு இப்போது ஆளுக்கொரு மதிப்பெண்ணாகிவிட்டது. வாடகையின் பெரும்பகுதியை அரசே கட்டும் உதவிச்சீட்டு வைத்திருந்த கறுப்பின, இஸ்பானியக் குடும்பங்களை மதிப்பெண் குறைவு என்று வெளியே நிறுத்திய ஒரு தரப்படுத்தும் நிறுவனத்தின்மீது மாசசூசெட்ஸில் 2022இல் வழக்குப் போட்டார்கள். அந்த மதிப்பெண் பழைய கடன்களைப் பார்த்தது, அரசு கட்டப்போகும் வாடகையைப் பார்க்கவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. 2024இல் 20 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. நியூயார்க் 2019இல் இயற்றிய சட்டம், பழைய வாடகை வழக்கில் பெயர் இருந்தது என்பதற்காக வீடு மறுக்கக்கூடாது என்றது. பின்னணி விசாரணைக்கு 20 டாலருக்குமேல் வாங்கக்கூடாது, முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்றும் சொன்னது. இவற்றைக் குடியிருப்போர் சங்கங்கள் தெருவில் நின்று வாங்கின. தராசு தானாக இளகாது.

6

1872இல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளை எழுதத் தொடங்கினார். வாடகைக்காரனுக்கும் வீட்டுக்காரனுக்கும் உள்ள உறவு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள உறவு அல்ல, அது ஒரு சரக்கு வியாபாரம்தான் என்று புரூதோனியர்களோடு சண்டை போட்டார். அதைப் பிடித்துக்கொண்டு 'வாடகையெல்லாம் இரண்டாம்பட்சப் பிரச்சினை தோழர்' என்று சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. எங்கெல்ஸ் சொன்னது சுரண்டலின் இலக்கணம் பற்றி. யார் யாரோடு வாழலாம் என்று தீர்மானிக்கும் வாசல் பற்றி அவர் அங்கே பேசவில்லை. நாம் பேச வேண்டியிருக்கிறது. வெவ்வேறு வசதி உள்ளவர்கள், ரத்தமோ சாதியோ கட்டிவைக்காமல், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பார்க்க முடியுமா என்பது சமத்துவம் பற்றிய எந்தப் பேச்சுக்கும் முதல் பரிசோதனை. தனித்தனித் தராசு அந்தப் பரிசோதனையை நடக்கவே விடுவதில்லை. சம்பளம் ஒத்தவனோடு சேர், இல்லையேல் குடும்பத்துக்குத் திரும்பு என்கிறது.

அதே 1872இல் பிரிட்டிஷ் அரசு இங்கே இந்திய ஒப்பந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 43ஆம் பிரிவு நமக்கும் அந்த ஆங்கில மரபைத் தந்துவிட்டுப் போயிருக்கிறது. பலர் சேர்ந்து கொடுத்த வாக்கை யாராவது ஒருவரிடமே முழுதாக வசூலிக்கலாம். கட்டியவர் மற்றவர்களிடம் சமபங்கு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். திருவல்லிக்கேணியிலோ வேளச்சேரியிலோ நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நான்கு பேர் தலையிலும் முழு வாடகை. பத்து மாத அட்வான்ஸ் என்ற சொல் சென்னையில் குடியிருந்த எல்லோருக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் வசிப்பிடத்துக்கு மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கூடாது என்கிறது. அட்வான்ஸ் மொத்தத்தையும் போட்டவன்தான் அந்த அறையில் மற்றவர்களுக்கு வீட்டுக்காரன் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆகவே அந்த மூன்று மாத வரம்பு அறைக்குள்ளே நடக்கும் அதிகாரத்தையும் தொடுகிறது.

43ஆம் பிரிவில் ஒரு சந்து இருக்கிறது. 'வேறுவிதமாக வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாதவரை' என்பதுதான் அதன் நிபந்தனை. அவரவர் பங்குக்கு அவரவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். சமபங்கு என்பதும் மாற்ற முடியாததல்ல. சம்பளத்துக்கு ஏற்ற பங்கு என்று நண்பர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா என்றால், தனியாகக் கேட்டால் மாட்டார். சங்கமாகக் கேட்டால் யோசிப்பார்.

கேட்க வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். கடன் சேர்ந்து என்றால் வருமானத்தையும் சேர்த்துப் பார். ஆளைத் தனித்தனியாகத்தான் நிறுப்பேன் என்றால் கடனையும் தனித்தனியாக எழுது. இரண்டையும் நீயே வைத்துக்கொள்ளாதே.